யாருக்குச் சரி?

‘சரி’ என்ற சொல்லைப் போல எளிதாக வாயிலிருந்து உதிர்கிற சொல் தமிழில் வேறு இல்லை. கேட்டதற்கும் சரி, கேளாததற்கும் சரி. ஆனால் அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்தும் போட வேண்டும் என்று வந்துவிட்டால் மனிதனுக்குச் சற்றே நடுக்கம் பிறக்கிறது. கணக்குத் தணிக்கை செய்கிறவர் போடுகிறார். பாலத்தைப் பார்வையிடும் எஞ்சினியர் போடுகிறார். விடைத்தாள் திருத்துகிற வாத்தியார் போடுகிறார். அச்சகத்திலிருந்து வருகிற புரூஃபின் ஓரத்தில் ‘அச்சிடலாம்’ என்று எழுதி என்னைப் போன்றவர்களும் போடுகிறோம்.

இவர்களுக்கெல்லாம் ஒரு சௌகரியம் உண்டு. பாலத்துக்குச் சரி சொன்ன எஞ்சினியர் அதே பாலத்தின்மேல் நடந்து வீட்டுக்குப் போகலாம். புரூஃப் பார்த்தவன் அச்சான புத்தகத்தைத் தானும் படிக்கலாம். தாங்கள் சரி சொன்னதைத் தாங்களே அனுபவித்துப் பார்க்கக் கூடியவர்கள். தான் ஒருபோதும் பயன்படுத்தப் போகாத ஒன்றுக்கு, தான் வாழ்ந்தே அறியாத ஒரு வாழ்க்கையின் பொருட்டு, ஒருவன் சரி என்று கையெழுத்துப் போடலாமா? போடலாம் என்றால் எந்த அதிகாரத்தின் பேரில்?

கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர் ருசி பார்ப்பதில்லை. நைவேத்தியம் ஆகுமுன் நாக்கில் வைக்கக் கூடாது. உப்பும் புளியும் கையளவிலும் வாசனையிலும் பழக்கத்திலும் நிற்கின்றன. ஆனாலும் அவருக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. ஸ்வாமி புகார் சொல்வதில்லை. புகார் சொல்லக்கூடிய பக்தர்களோ அவரைப் போலவே நாக்குப் படைத்தவர்கள். நான் சொல்ல வந்த மனிதனுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

என் தங்கை மகன் ஸாஃப்ட்வேர் துறையில் இருக்கிறான். அவன் வேலையில் ஒரு பகுதி, பிறர் எழுதிய புரோகிராம் மாறுதல்களைப் படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்வது, அல்லது திருப்பி அனுப்புவது. என்ன புரோகிராம் என்று கேட்டேன். “அக்ஸஸிபிலிட்டி லைப்ரரி, மாமா” என்றான். லைப்ரரி என்றதும் எனக்கு அலமாரியும் தூசியும்தான் நினைவுக்கு வந்தன. அவன் சொன்னது வேறு. வீடு கட்டுகிறவர்கள் கதவையும் ஜன்னலையும் தாங்களே இழைத்துக்கொண்டிருக்காமல், பட்டறையில் தயாராக இருப்பதை வாங்கிப் பொருத்துவதில்லையா? அதுபோல, இணையத்தில் பக்கங்கள் கட்டுகிறவர்கள் எடுத்துப் பொருத்திக்கொள்ள ஏதுவாக, பொத்தான், பட்டியல், படிவம், எச்சரிக்கைப் பெட்டி ஆகியவற்றை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் பட்டறைக்குப் பெயர் லைப்ரரி. பார்வை இல்லாதவர், பார்வை மங்கியவர், கை நடுங்குவதால் மவுஸைப் பிடிக்க முடியாதவர் ஆகிய எல்லோரும் பயன்படுத்தும்படி அவை அமைந்திருக்க வேண்டும். அல்லது பிறர் கட்டிய பக்கம் அப்படி அமைந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். அதுதான் அக்ஸஸிபிலிட்டி லைப்ரரி. பட்டறையில் ஒரு கதவின் கீல் தவறினால், அந்தக் கதவை வாங்கிப் பொருத்திய அத்தனை வீட்டிலும் தவறும்.

கண் பார்வை இல்லாதவர் கம்ப்யூட்டரைக் கையாளுவது எப்படி என்று நம்மில் பலர் யோசித்ததே இல்லை. ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு புரோகிராம் உண்டு. திரையில் இருப்பதைப் பேச்சாக வாசிக்கும். அவர் கீபோர்டில் டாப் என்ற விசையை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் இடமாக நகர்கிறார். போய் நிற்கிற இடத்தின் பெயரையும் அது இன்னதென்பதையும் குரல் சொல்கிறது: “அனுப்பு, பொத்தான்.” “பெயர், எழுதுமிடம், காலியாக உள்ளது.” பக்கத்தைக் கட்டியவர் பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் அழகான ஒரு படத்தை மட்டும் வரைந்து வைத்துவிட்டால், குரல் “பொத்தான்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். அழுத்தினால் பணம் போகுமா, கடிதம் போகுமா, இதுவரை எழுதியதெல்லாம் அழிந்து போகுமா? இருட்டில் ஒரு கதவைத் தள்ளுவது போலத்தான்.

இந்த லைப்ரரிகளில் பல, எவருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக இருப்பவை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர், “இந்த வரிகளை இப்படி மாற்றியிருக்கிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பலாம். கூடவே டெஸ்ட்டும் எழுதி அனுப்ப வேண்டும். டெஸ்ட் என்பது, இதைச் செய்தால் இது நேர வேண்டும் என்று முன்கூட்டி எழுதி வைத்த ஒரு சிறு நிபந்தனை. அதுவும் ஒரு புரோகிராம்தான். அப்படி ஆயிரக்கணக்கான நிபந்தனைகளை யந்திரம் சில நிமிஷங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் தேறினால் பச்சைக் குறி போடும். ஒன்று தவறினாலும் சிவப்பு. பச்சை விழுந்த பிறகுதான் மனிதன் முறை. அவன் மாறுதலை வரி வரியாகப் படித்து, ஓரத்தில் கேள்விகள் எழுதி, கடைசியில் ‘ஏற்கலாம்’ என்று குறிக்கிறான். அந்தக் குறி விழுந்ததும் பட்டறைக் கதவு உலகத்துக்குப் புறப்பட்டுவிடுகிறது.

யந்திரமே பச்சை போட்ட பிறகு மனிதனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அதற்குப் பதிலாக, சமீபத்தில் வந்த ஒரு மாறுதலைப் பற்றிச் சொன்னான்.

கேட்க அற்ப விஷயம். ஒரு பட்டியல் இருக்கிறது. கடிதங்களின் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் பக்கத்திலும் ‘அழி’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் ஒரு சிறு பெட்டி எழுந்து, “நிச்சயமாக அழிக்கவா?” என்று கேட்கும். ‘வேண்டாம்’ என்றால் பெட்டி மூடிக்கொள்ளும். நீங்கள் எந்தப் பொத்தானிலிருந்து வந்தீர்களோ அங்கேயே திரும்பி வந்து நிற்பீர்கள். இதற்கு டெஸ்ட் இருந்தது, பச்சையும் விழுந்திருந்தது. ‘ஆம், அழி’ என்றால்? கடிதம் போய்விடுகிறது. அதன் பக்கத்திலிருந்த பொத்தானும் கூடவே போய்விடுகிறது. திரும்பி வந்து நிற்க வேண்டிய இடமே இல்லை. கண்ணால் பார்க்கிறவனுக்கு இதில் ஒரு நஷ்டமும் கிடையாது. பட்டியல் அவன் எதிரில்தான் இருக்கிறது. குரலை நம்பி நடக்கிறவரோ 40-ஆவது கடிதத்தில் நின்றுகொண்டிருந்தவர், ஒரு நொடியில் பக்கத்தின் தலைமாட்டில் கொண்டுபோய்ப் போடப்படுகிறார். யாரும் அவரிடம் அதைச் சொல்வதும் இல்லை. மறுபடி 39 கடிதங்களைத் தாண்டி வர வேண்டும். இன்னொன்றை அழித்தால் மறுபடியும்.

மாறுதலின் ஓரத்தில் அவன் எழுதிய கேள்வி இவ்வளவுதான்: “அழித்த பிறகு அவர் எங்கே நிற்பார்?”

நான் நாவல் எழுதுகிறவன். ஒரு பாத்திரத்தை அறைக்குள் அனுப்பிவிட்டு, மூன்று பக்கம் கழித்து அவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள் என்பதை மறந்து போகிற கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். அதனால் அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாறுதலை அனுப்பியவருக்கு அது பிடிக்கவில்லை. “எல்லா டெஸ்ட்டும் தேறிவிட்டதே, இன்னும் என்ன?” என்று கேட்டு எழுதினாராம். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சம்பளமில்லாமல், பகல் வேலை முடிந்து, இரவில் உட்கார்ந்து எழுதி அனுப்புகிற மனிதர். அவர் காட்டிய நிரூபணமும் பொய்யல்ல. டெஸ்ட் தேறியது வாஸ்தவம்தான். ஆனால் அந்த டெஸ்ட்டை எழுதியவரும் அவர்தான். பரீட்சை எழுதியவரே கேள்வித்தாளையும் தயாரித்திருக்கிறார். தாம் யோசித்த கேள்விக்கு அவர் நேர்மையாகவே விடை எழுதியிருக்கிறார். யோசிக்காத கேள்விக்குச் சிவப்புப் போட எந்த யந்திரத்துக்கும் தெரியாது.

டெஸ்ட்டைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. யந்திரத்தின் கண்ணுக்குத் தப்பாதவை எத்தனையோ உண்டு. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணியின் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. உலக அளவில் இணைய விதிகளை வகுக்கும் சங்கம் 2008-ல் வெளியிட்டது. இதை மனிதன் உட்கார்ந்து அளந்தால் பொழுது விடிந்துவிடும். யந்திரம் இமைக்குமுன் சொல்லிவிடும். அப்படிச் சுலபமாகக் கண்டுபிடிக்கக் கூடிய தவறுகளைக்கூட நாம் திருத்தவில்லை என்பதுதான் வெட்கம். வெப்எய்ம் என்ற அமெரிக்க ஸ்தாபனம் ஆண்டுதோறும் 10 லட்சம் இணையத்தளங்களின் முகப்புப் பக்கங்களை யந்திரத்தால் சோதித்துப் பார்க்கிறது. 2019-ல் 97.8 சதவீதத்தில் தவறு இருந்தது. 2025-ல் 94.8 சதவீதம். முதலிடம் வகிக்கிற தவறு, மங்கலான எழுத்து. ஆறு ஆண்டில் மூன்று சதவீதம்! நம் ஊர்ச் சாக்கடை வேலைகூட இதைவிட வேகமாக நடக்கும்.

ஆனால் யந்திரம் ஒரு படத்துக்கு விளக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்குமே தவிர, எழுதியது உண்மையா என்று பார்க்காது. மகள் மணக்கோலத்தில் நிற்கிற படத்துக்கு ‘பூனை’ என்று எழுதி வைத்தாலும் அதற்குத் திருப்திதான். 2017-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் பிரிவினர் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார்கள். வேண்டுமென்றே 140-க்கும் மேற்பட்ட தடைகளை ஒரே பக்கத்தில் திணித்து, உலகத்திலேயே மிக மோசமான பக்கம் ஒன்றைக் கட்டி, சோதனைக் கருவிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் ஏவிப் பார்த்தார்கள். மிகச் சிறந்த கருவியும் பாதியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. 2019-ல் ஆஸ்திரிய நாட்டு இணைய வல்லுநர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். எவராலுமே பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தைக் கட்டினார். ஸ்கிரீன் ரீடருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. கீபோர்டு வேலை செய்யாது. மவுஸும் வேலை செய்யாது. நல்ல கண் உள்ளவனுக்கும் அங்கே வாசிக்க ஒன்றும் தெரியாது. அதைக் கூகிள் நிறுவனத்தின் ‘லைட்ஹவுஸ்’ என்ற கருவியிடம் கொடுத்தார். நூற்றுக்கு 100 மார்க் கிடைத்தது.

அதைப் படித்தபோது நான் சிரித்தேன். பிறகு, நமக்குத் தெரிந்த எத்தனை பேர் வாழ்க்கையில் அப்படி நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு திரிகிறார்கள் என்று யோசித்தேன். அது வேறு கட்டுரை.

அறியாமையால் நேர்கிற இந்தக் குறைகளைவிட எனக்கு அச்சம் தருவது வேறு ஒன்று. டெஸ்ட் சிவப்பானால் என்ன செய்வீர்கள் என்று தங்கை மகனைக் கேட்டேன். “புரோகிராமைத் திருத்துவோம்” என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அல்லது டெஸ்ட்டைத் திருத்துவோம், மாமா” என்றான்.

“டெஸ்ட்டைத் திருத்துவதாவது?”

“சில சமயம் டெஸ்ட்தான் தப்பாக இருக்கும். விதி மாறியிருக்கும், பழைய டெஸ்ட் பழைய விதியையே பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போது அதை மாற்றத்தான் வேண்டும். ஸ்னாப்ஷாட் என்று ஒரு வகை இருக்கிறது. போன தடவை வந்த விடையை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டு, இந்தத் தடவை வேறு மாதிரி வந்தால் கத்தும். புதிய விடைதான் சரி என்று சொல்ல, கட்டளையோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். நூறு சிவப்பும் ஒரே நொடியில் பச்சையாகிவிடும்.”

“நூறையும் படித்துப் பார்த்துவிட்டா?”

அவன் பதில் சொல்லவில்லை; சிரித்தான். “மாறுதலைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது புரோகிராமை அல்ல, மாமா. டெஸ்ட்டில் என்ன அழிக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.”

இந்தப் பழக்கத்தை அவனுக்கு எந்தக் கல்லூரியும் கற்றுக் கொடுத்திருக்காது. ஒரு டெஸ்ட் என்பது என்ன? என்றோ ஒரு நாள், யாரோ ஒருவர், முகம் தெரியாத ஒரு பார்வையற்றவருக்கு எழுதிக் கொடுத்த வாக்கு. ‘நீங்கள் இந்தப் பெட்டியை மூடும்போது வழி தவறிப் போகமாட்டீர்கள்’ என்ற வாக்கு. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். வாக்கைப் பெற்றவருக்கோ, அப்படி ஒரு வாக்கு தமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதே தெரியாது. இரவு பதினொரு மணிக்கு, வேலையை முடிக்கிற அவசரத்தில், அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் கேட்பாரில்லை. கடன் பத்திரத்தைக் கடன்காரனே பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிற கதை. இங்கேதான் படித்துப் பார்க்கிறவனின் மனச்சாட்சிக்கு வேலை வருகிறது. அங்கே இல்லாத ஒருவரின் சார்பில் அவன் ஒருவன்தான் உட்கார்ந்திருக்கிறான். “இந்த வாக்கை ஏன் திரும்பப் பெறுகிறீர்கள்?” என்று அவன் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

இந்தத் துறையில் ஒரு விஷயம் என்னை மிகவும் கவர்ந்தது. பிறர் பக்கங்களைச் சோதிக்கும் லைப்ரரிகளில் ‘ஆக்ஸ்’ என்பது பெயர் பெற்றது. 2015-ல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. சற்றுமுன் சொன்ன லைட்ஹவுஸும் உள்ளே இதைத்தான் வைத்திருக்கிறது. அது சரி, தவறு என்ற இரண்டு விடையோடு நிற்பதில்லை. ‘என்னால் தீர்மானிக்க முடியவில்லை, மனிதர் ஒருவர் பார்க்கட்டும்’ என்று மூன்றாவதாக ஒரு விடை வைத்திருக்கிறது. படத்தின்மேல் எழுத்து இருந்தால் பின்னணி நிறம் இன்னதென்று அதற்குத் தெரியாது; தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறது. பரீட்சைத் தாளிலும் கோர்ட்டிலும் கல்யாணப் பேச்சிலும் ‘தெரியாது’ என்று ஒரு கட்டம் போட்டு வைத்தால் நாட்டில் பாதிப் பொய் குறைந்து போகும்.

ஆனால் அந்தக் கட்டம் யாருக்கும் பிடிப்பதில்லையாம். வியாபாரக் கம்பெனிகள் ஆம் அல்லது இல்லை என்று கேட்கின்றன. ஆகவே அந்த மூன்றாவது கட்டத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து, ‘பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்’ என்று பச்சைக்கு மாற்றலாமே என்று யோசனைகள் வரும். இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தவறு இல்லாத இடத்தில் தவறு என்று கத்துகிற கருவியை, புலி வருகிறது புலி வருகிறது என்று கூவிய பையனைப் போல, ஊரார் ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுவார்கள். தவறு இருக்கிற இடத்தில் பேசாமலிருக்கிற கருவியோ புலியை ஊருக்குள் விட்டுவிடும். எது பெரிய பாவம்? அந்தக் கருவியைச் செய்தவர்கள், வீணாகக் கத்தக் கூடாது என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது சரியென்றே படுகிறது, ஒரு நிபந்தனையோடு. கத்தாத இடத்தில் ‘தெரியாது’ என்று சொல்லியாக வேண்டும். ‘சரி’ என்று சொல்லிவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில் திடீரென்று ஒரு செய்தி தோன்றினால் ஸ்கிரீன் ரீடர் அதை எப்படி அறிவிக்க வேண்டும் என்று புரோகிராமில் குறிக்க வேண்டுமாம். அதற்கு வைத்திருக்கிற சொற்கள் ‘பொலைட்’, ‘அஸர்ட்டிவ்’ என்பன. முதலாவது, கேட்பவர் கேட்டுக்கொண்டிருக்கிற வாக்கியம் முடியும்வரை காத்திருந்து மரியாதையாகச் சொல்வது. இரண்டாவது, பேச்சில் குறுக்கிட்டு அடித்துச் சொல்வது. வீடு தீப்பற்றி எரிந்தால் இரண்டாவது. தபால் வந்தால் முதலாவது. டிக்கெட் வாங்குகிற பக்கத்தில் மீதி நேரத்தை நொடிக்கு நொடி குறுக்கிட்டு அறிவிக்கிற கடிகாரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: 59, 58, 57... கேட்கிற மனிதர் தம் பெயரைக்கூட எழுதி முடிக்க முடியாது. அறிவிப்பு வந்ததா என்று மட்டும் பார்க்கிற டெஸ்ட், நிமிஷத்துக்கு 60 முறை ‘ஆம், வந்தது’ என்று பச்சை காட்டும். மரியாதை என்பதைப் புரோகிராமில் ஒரு வார்த்தையாக எழுதி வைக்கலாம். எந்த இடத்தில் அது வேண்டும் என்பதை, பிறர் பேச்சில் குறுக்கிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு மனிதன்தான் சொல்ல முடியும்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். தங்கை மகன் அதைச் செய்கிறான். ஸ்கிரீன் ரீடரில் திரைச்சீலை என்றே ஒரு வசதி இருக்கிறது. திரையை முழுக்கக் கறுப்பாக்கிவிடும். அவன் அதைப் போட்டுக்கொண்டு, காதை மட்டும் நம்பி, பக்கத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ப் பார்க்கிறான். பல தவறுகள் அகப்படுகின்றன. ஆனாலும் பட்டியல் எங்கே இருக்கிறது, பொத்தான் எந்த மூலையில் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடியவன் அவன். தவிர, பத்து நிமிஷம் கண்ணை மூடியவனுக்குத் தெரிவதெல்லாம் தடுமாற்றம் ஒன்றுதான். 20 ஆண்டுகளாகக் குரல் வழியே வேலை செய்கிறவர் தடுமாறுவதில்லை; நாம் ஒரு வார்த்தையைக்கூடப் பிரித்தறிய முடியாத வேகத்தில் குரலை ஓடவிட்டுக் கேட்கிறார். அவர் தேவையும் தடுமாறுகிறவனின் தேவையும் ஒன்றல்ல. ஏகாதசிப் பட்டினி கிடந்தவன் பஞ்சத்தைப் பற்றிப் பேச வருவது போன்றதுதான் இது.

பார்க்கிறவர்கள் தங்கள் கண்ணை அளவுகோலாக வைத்துப் பார்வையற்றவர்களுக்கு நன்மை செய்யப் புறப்பட்ட கதை சரித்திரத்தில் ஒன்று உண்டு. 1780-களில் பாரிஸ் நகரத்தில் வாலண்டைன் ஹாயி என்ற நல்ல மனிதர் பார்வையற்ற குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெருவில் பார்வையற்றவர்களைக் கேலிப் பொருளாக்கிய காலத்தில் அவர்களால் படிக்க முடியும் என்று நம்பியவர். சாதாரண ரோமன் எழுத்துக்களையே காகிதத்தில் புடைக்கும்படி பெரிதாக அழுத்திப் புத்தகம் செய்தார். பார்க்கிறவர்கள் எடுத்துப் பார்த்தார்கள், ‘அ’ என்றால் ‘அ’வாகவே இருந்தது, ‘சரி’ என்றார்கள். விரலால் தடவிப் படிக்கிற குழந்தைகளுக்கோ ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் தேடித் தேடித் தடவ வேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருமுன் தொடக்கம் மறந்துவிடும். அந்த எழுத்தைக் கொண்டு அவர்களால் எதையும் எழுதவும் முடியாது.

அந்தப் பள்ளியில் பிற்பாடு வந்து சேர்ந்த லூயி பிரெய்ல் என்ற பையன், குழந்தைப் பருவத்தில் தகப்பனாரின் தோல் பட்டறையில் ஊசி குத்திப் பார்வை இழந்தவன். 1824-ல், 15 வயதில், ஆறு புள்ளிகளுக்குள் எழுத்துக்களையெல்லாம் அடக்கிவிட்டான். ஒரு விரல் நுனியின் கீழ் ஓர் எழுத்து. படிக்கலாம், ஓர் ஊசியும் சட்டமும் இருந்தால் எழுதவும் செய்யலாம். பார்க்கிற ஆசிரியர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் புள்ளியாகத் தெரிந்தது. தங்களுக்குப் புரியாத எழுத்தைப் பிள்ளைகள் படிப்பதா? 1840-ல் அந்தப் பள்ளியின் தலைவர் டுஃபோ புள்ளி எழுத்தைத் தடை செய்தார். பிள்ளைகள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். சில ஆண்டுகளில் தடை தளர்ந்தது. பிரெஞ்சு அரசாங்கம் அந்த எழுத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854-ல். பிரெய்ல் 1852-லேயே இறந்துவிட்டார்.

டுஃபோவைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்துவிடும். அவரும் தம் மாணவர்களின் நன்மையைத்தான் நினைத்தார். பார்க்கிறவர்களின் உலகத்திலிருந்து அவர்கள் பிரிந்து போய்விடக் கூடாதே என்று அஞ்சினார். அவர் கையில் ஓர் அளவுகோல் இருந்தது. அது அவருடைய சொந்தக் கண். அந்த அளவுகோலின்படி ஹாயியின் எழுத்து தேறியது. பிரெய்லின் எழுத்து தவறியது.

இது 200 ஆண்டுக்கு முந்திய கதை என்று தள்ளவும் வழியில்லை. 2025 ஏப்ரல் 30-ந் தேதி நமது சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு வழங்கியது. பாங்குக் கணக்கு முதலியவற்றுக்கு ஆளை அடையாளம் காண, காமிராவின் முன் கண்ணை இமைக்கச் சொல்கிற முறை ஒன்று வந்திருக்கிறது. புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றாமல் உயிருள்ள ஆள்தான் என்று உறுதிப்படுத்துவதற்காக. அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களால் இமைக்க முடியாது. யந்திரத்தின் கணக்கில் அவர்கள் உயிருள்ள ஆட்கள் அல்ல. அப்படிப்பட்ட ஒரு பெண்மணியும் பிறரும் தொடுத்த வழக்கில்தான், கம்ப்யூட்டர் வழிச் சேவைகளை எட்டும் உரிமையும் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்த இமைக்கும் முறையை எழுதியவர்களும் டெஸ்ட் எழுதியிருப்பார்கள். இமைத்தால் தேறும், இமைக்காவிட்டால் தேறாது என்ற இரண்டும் பச்சையாகவே இருந்திருக்கும்.

அப்படியானால் கையெழுத்தே போடக் கூடாதா? போடாவிட்டால் பட்டறை நின்றுவிடும், திருத்தங்களும் நின்றுவிடும், அதனாலும் நஷ்டம் பார்வையற்றவருக்குத்தான். தங்கை மகன் கண்டுகொண்ட வழி சாமானியமானது. ‘ஏற்கலாம்’ என்று குறிக்கும்போது, எதை எதனோடு பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று இரண்டு வரி சேர்த்து எழுதுகிறான். இன்ன ஸ்கிரீன் ரீடரில் கேட்டுப் பார்த்தேன், போனில் பார்க்கவில்லை, கை நடுக்கம் உள்ளவர் பயன்படுத்தும் கருவியோடு பார்க்கவில்லை. யந்திரத்தின் மூன்றாவது கட்டத்தை மனிதனும் வைத்துக்கொள்வது. இது அவன் மதிப்பைக் குறைக்காதா என்று கேட்டேன். “குறைக்கும் மாமா, சீக்கிரம் வேலை முடிக்கிறவன் என்ற பெயர் எனக்குக் கிடையாது” என்றான்.

அந்த ‘அழி’ப் பொத்தான் விஷயம் என்ன ஆயிற்று என்றும் கேட்டேன். மாறுதலை அனுப்பியவர் இரண்டு நாள் கழித்து மனமிரங்கி, அழித்த பிறகு அடுத்த கடிதத்தில் போய் நிற்கும்படி திருத்தி, அதற்கு டெஸ்ட்டும் எழுதி அனுப்பினார். இவனுக்கும் திருப்தி. ஆனால் குறி போடுமுன், தினமும் ஸ்கிரீன் ரீடர் கொண்டே வேலை செய்கிற ஒருவரிடம் காட்டினான். அவர் கேட்டுவிட்டு, “அடுத்த கடிதத்தின் பெயரைச் சொல்கிறது, நல்லது. ஆனால் முந்தையது அழிந்ததா இல்லையா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே?” என்றாராம். இரண்டு கண் படைத்த இருவரும் பட்டியலிலிருந்து கடிதம் மறைவதைப் பார்த்தே பழகியவர்கள். மறைவது என்பது ஓசையில்லாத காரியம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அப்படிக் கேட்கக் கூடியவர்கள் கடைசியில் ஒரு கருத்துச் சொல்வதற்காக மட்டும் அழைக்கப்பட வேண்டியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், அப்போது விற்பனையிலிருந்த ஸ்கிரீன் ரீடர்களின் விலை பார்வையற்றவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று கண்டு, தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். சிறுவயதில் இசை முகாம் ஒன்றில் அறிமுகமான, தம்மைப் போலவே பார்வையற்ற நண்பர் ஒருவரும் கூடச் சேர்ந்துகொண்டார். ‘என்.வி.டி.ஏ.’ என்பது அதன் பெயர். இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் பேசும். அதன் புரோகிராமும் திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. எவரும் மாறுதல் அனுப்பலாம். அதன் பெரும்பகுதி பைதான் என்ற மொழியில் எழுதப்பட்டது. பைதானில் ஒரு வரி இடப்பக்க ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி உள்ளே தொடங்குகிறது என்பதற்கு அர்த்தம் உண்டு. நாலு இடம் பிசகினால் பொருளே மாறிவிடும். கண்ணுள்ளவன் அதைப் பார்த்தவுடன் அறிவான். வெற்றிடத்தைக் காதால் எப்படிப் படிப்பது? அதற்கும் அவர்கள் என்.வி.டி.ஏ.யிலேயே வழி செய்திருக்கிறார்கள். வரி உள்ளே போகப் போக, வாசிக்குமுன் ஒலிக்கிற ஸ்வரம் மேலே ஏறுகிறது. வெளியே வர வர இறங்குகிறது. பார்வையற்ற பரிசோதகர் ஒருவர், உலகத்தின் எங்கிருந்தோ வந்த ஒரு மாறுதலை அப்படி வரி வரியாகக் கேட்டுக்கொண்டு போகிறார். ஸ்வரம் பிசகிய இடத்தில் நிறுத்தி, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுகிறார்.